வாடகை இல்லாத வீட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை

தங்கும் செலவே இல்லாமல் ஒன்றரை மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் நானும் என் வீட்டுக்காரரும் போன வருடம் கிளம்பினோம். தங்கும் இடத்துக்கு மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வீடு மாற்றிக்கொண்டு விடுமுறை கழிப்பதைப் பற்றி இணையத்தில் தேடினால் நிறையக் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் விசா என்ற ஒன்றே தேவைப்படாதவர்கள் எழுதியவை. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், துண்டுகளை மடித்து வையுங்கள் என்ற அளவில் அவர்கள் அறிவுரை முடிந்துவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டும் சென்னையில் ஒரு ஃபிளாட்டும் வைத்திருப்பவர் இதில் இறங்கினால் என்னவெல்லாம் வரும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது புதிதாக வந்த பழக்கம் இல்லை. நீண்ட விடுமுறையும் குறைந்த சம்பளமும் உள்ள ஐரோப்பியப் பள்ளி ஆசிரியர்கள் 1953-லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். இன்டர்வாக் என்ற அமைப்பு அப்படி வந்ததுதான். அப்போது வீடுகளின் பட்டியலை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார்களாம். இப்போது எல்லாம் இணையதளங்கள், வருடச் சந்தா. உங்கள் வீட்டில் அவர்களும் அவர்கள் வீட்டில் நீங்களும் ஒரே நேரத்தில் இருப்பது ஒரு வகை. அவர்கள் இப்போது வந்து தங்க, நீங்கள் பிறகு போய்த் தங்குவது இன்னொரு வகை. மூன்றாவது புள்ளிக் கணக்கு: யாரையாவது தங்கவைத்தால் உங்களுக்குப் புள்ளி சேரும், அதை வைத்து வேறு யார் வீட்டிலும் தங்கலாம். நாங்கள் போனது இரண்டாவது வகையில்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடக்கும் தூரம். எங்களோடு ஒத்துப்போனவர்கள் லியோன் நகரத்துத் தம்பதி, இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நானும் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் பேச்சு உடனே ஒட்டிக்கொண்டது. மார்கழிக் கச்சேரியின் கடைசி நாட்கள், பொங்கல், மாமல்லபுரம் என்று ஜனவரியில் வர ஆசைப்பட்டார்கள். பிரான்சின் ஜனவரிக் குளிரில் நாங்கள் போய் என்ன செய்வது? மே, ஜூன் என்றோம். அவர்கள் இங்கே இருக்கும் ஒன்றரை மாதத்துக்கு நாங்கள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வானிலை இப்படி முடிவு செய்தது என்று அன்று நினைத்தோம். இன்று யோசித்தால் விசாவும் சேர்ந்துதான் முடிவு செய்திருக்கிறது. அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே இ-விசா வாங்கி விமானம் ஏறிவிடலாம். நாம் வங்கிக் கணக்கு விவரம், காப்பீடு, முன்பதிவு, நேரில் போய்க் கைரேகை என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். எனவே இந்த மாதிரி ஜோடிகளில் நம் பக்கத்தவர்தான் பெரும்பாலும் இரண்டாவதாகப் போவார். முதலில் போகிறவர் தன் பங்கை வாங்கிக்கொண்டுவிடுகிறார். இரண்டாவதாகப் போகிறவர் கையில் இருப்பது வெறும் வாக்கு. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தலைவலி அவர்கள் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. வெளிநாட்டவர் யாரையாவது வீட்டில் தங்கவைத்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவர்கள் வந்து 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் சி என்று அழைக்கப்பட்டு வந்த படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகம், அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ., சென்னையில் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்தான் இது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டு உரிமையாளருக்கும் உண்டு. விருந்தினரின் பாஸ்போர்ட், விசா பக்கங்கள், புகைப்படம் எல்லாம் ஏற்ற வேண்டும். அதற்கு முன் வீட்டு உரிமையாளராக நம் பெயரில் கணக்குத் தொடங்கி, அது ஏற்கப்பட வேண்டும். எங்களுக்கு அது உடனே வரவில்லை, நல்ல வேளையாக முன்கூட்டியே தொடங்கியிருந்தோம். விருந்தினர் வரும் நாளில் போய்த் தொடங்கினால் 24 மணி நேரம் எங்கே போகும் என்று தெரியாது. குடியிருப்புச் சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எங்கள் செயலாளர், "சார், ஏர்பிஎன்பி விடுறீங்களா?" என்று மூன்றாம் மாடி வரை கேட்கிற மாதிரிக் கேட்டார். வாடகை இல்லை, நண்பர்கள், இதோ படிவத்தின் நகல் என்று காட்டிய பிறகுதான் கார் நிறுத்தச் சம்மதித்தார்.

அவர்கள் இருந்த நாட்களில் நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோமே தவிர, மனசெல்லாம் திருவான்மியூரில்தான். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய என் வீட்டுக்காரரின் கைபேசி எண், டெலிவரிக்கு வரும் ஓ.டி.பி.யும் அதே எண்ணுக்கு. சிலிண்டர்காரர் வாசலில் நிற்க, இவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்க, அந்தப் பிரெஞ்சு அம்மாவுக்கு எண்ணைப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் கேன், பால், இஸ்திரி என்று எல்லாமே இங்கே ஜிபே. அவர்களிடம் இருந்தது ரொக்கமும் கார்டும். பால்காரரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை இல்லை. எனவே சின்னச் சின்னத் தொகையெல்லாம் நான் இங்கிருந்து அனுப்பினேன், கடைசியில் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சப்படாதீர்கள். வருவதற்கு முன்பே ஒரு முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து கழிப்பதாகப் பேசிவிடுங்கள். வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் யார் பொறுப்பு என்பதும் அதில் அடங்கட்டும்.

மின்கட்டணம் தனிக்கதை. நமக்கு இதமான ஜனவரி அவர்களுக்குக் கோடை. இரண்டு ஏசியும் இரவு முழுக்க ஓடியிருக்கிறது, கெய்சரை அணைக்கும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் ஊரில் வெந்நீர்த் தொட்டி தானாகவே இரவில் சூடாகி நிற்கும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு விகிதத்துக்குப் போய்விடும். வழக்கமாக மூவாயிரத்துக்குள் வரும் பில் ஒன்பதாயிரத்தைத் தொட்டது.

பணத்தைவிட மனசை அறுத்தது சமையலறை. என் மாமியார் கொடுத்த ஈயச் சொம்பை அந்த அம்மா வெறும் பாத்திரமாக அடுப்பில் வைத்துவிட்டார். ஈயம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்னரில் வழிந்து கிடந்த படத்தோடு அழுகிற முகம் போட்டு மன்னிப்புச் செய்தி வந்தது. புதுச் சொம்பு வாங்கித் தருகிறேன் என்றார், அதற்குள் இருந்த நாற்பது வருட ரசத்தை எங்கே வாங்குவது? தோசைக்கல்லையும் சோப்புப் போட்டு, கம்பி நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார். அவர் குறை சொல்ல முடியாத சுத்தக்காரர், அதுதான் வினை. தங்க நகையைப் பூட்டி வைக்க எல்லாருக்கும் தெரியும். ஈயம், வெண்கலம், கல்சட்டி, பழகிய தோசைக்கல் எல்லாவற்றையும் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். விருந்தினருக்கு நாலு எவர்சில்வர் பாத்திரமும் ஒரு நான்ஸ்டிக் கல்லும் போதும்.

சரி, இதெல்லாம் போகட்டும், நம் முறை வரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தோம்.

விசாவுக்கு வருகிறேன். பிரான்சில் ஹோட்டலில் தங்காமல் ஒருவர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் தன் நகராட்சி அலுவலகத்தில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றிதழை வாங்கித் தர வேண்டும். லியோனில் வட்டாரத்துக்கு ஒரு நகராட்சி அலுவலகம் உண்டு. அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், வருமானச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு அவர்கள் போக வேண்டும், வரிமுத்திரையும் ஒட்ட வேண்டும், நாங்கள் போனபோது அது 30 யூரோ. மனு நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அசல் தாள் கூரியரில் நமக்கு வர வேண்டும், நகல் போதாது, விமான நிலையத்திலும் அதைக் கேட்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கே இது பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் இதுவரை வீடு மாற்றிக்கொண்டதெல்லாம் ஸ்பெயின்காரர்களோடும் இத்தாலிக்காரர்களோடும்தான். அந்தப் படிவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விருந்தினரால் முடியாமல் போனால் அவர் தங்கும் செலவைத் தான் ஏற்பதாக வீட்டுக்காரர் உறுதி தர வேண்டும். அதைப் பார்த்ததும் அந்தப் பெரியவருக்குத் தயக்கம் வந்துவிட்டது, பதில் வருவது குறைந்தது. நாங்கள் எங்கள் ஓய்வூதிய விவரம், காப்பீட்டுத் தாள் எல்லாம் அனுப்பி, தொலைபேசியில் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம். அது ஓர் அவமானம்தான். ஒன்றரை மாதம் நம் வீட்டில், நம் கட்டிலில் படுத்து எழுந்தவரிடம் நாங்கள் நம்பத் தகுந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தச் சான்றிதழ் பற்றிய பேச்சை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுச் சாவியை வாங்குவதற்கு முன்பே நகராட்சியில் நேரம் குறித்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஒரே விசாவைப் பொதுவாக வைத்திருக்கும் மற்ற ஷெங்கன் நாடுகளிலும் வேறு பெயரில் இதுபோல ஏதாவது கேட்கலாம். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் காத்திருக்க வேண்டாம்.

விசா வந்தது. டிக்கெட் வாங்கினோம், பணம் திரும்பாத வகை, விலை குறைவு என்பதால். கிளம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து நீளமான செய்தி. மகனுக்கு விவாகரத்து நடக்கிறது, ஜூன் பிறந்ததும் குழந்தைகளோடு இந்த வீட்டுக்கு வருகிறான், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை, மே கடைசி வரை நீங்கள் தாராளமாக இருக்கலாம். படித்துவிட்டு நான் சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்படவும் முடியவில்லை. நம் மகளுக்கு அப்படி ஒன்று என்றால் நாமும் இதைத்தானே செய்வோம்? ஆனால் கோபம் வராமலும் இல்லை. டிக்கெட்டை மாற்றலாம் என்றால் ஆளுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். "அம்மா, ரெண்டு வாரம் இருந்துட்டு வந்துடுங்க" என்றாள் மகள். "நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" என்று இவர் என்னைப் பார்த்தார். சொந்தக்காரர்களிடம் சொல்லவே இல்லை. ஓசியில் போனால் இப்படித்தான் என்று சொல்வார்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் சந்தா கட்டியிருந்த வீடு மாற்றும் தளத்துக்கு எழுதிப் பார்த்தோம். அவர்கள் இங்கே வந்தது தேதியோடு, இரு தரப்பும் உறுதி செய்து பதிவாகியிருந்தது. எங்கள் பயணத்துக்கு விசா கிடைக்கும்வரை தேதி சொல்ல முடியாததால் 'மே, ஜூன்' என்று பேச்சளவில் நின்றது. மீதி எல்லாம் வாட்ஸ்அப். உறுதி செய்யப்படாத தங்கலுக்குத் தளத்தின் உத்தரவாதம் பொருந்தாது என்று பதில் வந்தது. பயணக் காப்பீட்டிலும் உடல்நலக் காரணத்துக்குத்தான் இடம், வீடு தருகிறவர் மனம் மாறினால் ஒன்றும் இல்லை. எனவே தேதி தெரியாவிட்டாலும் ஒரு உத்தேசத் தேதியைப் போட்டு இரண்டு பயணங்களையும் ஒரே நாளில் தளத்திலேயே உறுதி செய்துவிடுங்கள். தேதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் குசலம் விசாரியுங்கள், கணக்கு வழக்கைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பேசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போனோம். லியோனில் அவர்கள் வீடு இருப்பது க்ருவா-ரூஸ் மேட்டில், பட்டு நெசவாளர்கள் இருந்த பகுதி. தறி நிற்பதற்காகவே நாலு மீட்டர் உயரத்துக்குக் கூரை வைத்துக் கட்டிய வீடுகள். நம் காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு என்கிறோமே, அந்தத் தறியைச் செய்த ஜக்கார்டு இந்த ஊர்க்காரர்தான், அவர் சிலை அங்கே சதுக்கத்தில் நிற்கிறது. பட்டுப்புடவையோடு அதன் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, நாலாவது மாடி. விளம்பரப் படத்தில் படிக்கட்டு தெரியாது, எனவே முழங்கால் வலி உள்ளவர்கள் மாடியும் லிஃப்ட்டும் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். அடுப்பு இண்டக்‌ஷன், நான் கொண்டுபோன அலுமினியக் குக்கர் அதில் ஜடம். 2015 முதல் பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். முதல் நாள் கடுகும் மிளகாயும் தாளித்ததும் அது அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஜன்னலைத் திறந்துவைத்து, வற்றல் மிளகாயைக் கடைசியில் போட்டுத் தாளிக்கப் பழகிக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையில் ரொட்டியோடு சந்தையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஹோட்டல் அறையில் அது வராது.

மீதி நாட்களுக்கு இடம் தேடியது கிளம்பும் முன் சென்னையில் இருந்தபோதே. மலிவாகக் காட்டிய ஒன்றிரண்டு வீடுகள் முதலில் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னவை, அப்படிக் கேட்டாலே விலகிவிடுங்கள். கடைசியில் பக்கத்து ஊரான வில்லர்பானில், மெட்ரோ ஓரமாக, சின்ன அடுப்படியோடு கூடிய அபார்ட்-ஹோட்டல் ஒன்றைப் பிடித்தோம். வாரக்கணக்கில் எடுத்தால் விலை குறைகிறது, அதன் மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று நகராட்சியின் சுற்றுலா வரி உண்டு. எல்லாம் சேர்த்து 1,850 யூரோவுக்கு அருகில். அந்தப் பதிவுத் தாளையும் பழைய சான்றிதழோடு சேர்த்துக் கையில் வைத்திருந்தோம். பாரிஸ் விமான நிலையத்து அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டபோது இரண்டையும் நீட்டினேன், தேதிகளை ஒத்துப் பார்த்துவிட்டு விட்டார். தங்கும் இடம் மாறினால் மாறிய இடத்துக்கும் தாள் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு அந்தத் தம்பதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். திட்டவில்லை. நீங்கள் இங்கே இருந்தது எத்தனை இரவு, நாங்கள் அங்கே இருந்தது எத்தனை இரவு, நாங்கள் வெளியே கொடுத்தது எவ்வளவு என்று ஆசிரியை பாணியில் பட்டியல் போட்டு அனுப்பினேன். அடுத்த வருடம் வந்து மீதி நாட்களைத் தங்கிக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பெரியவர். மறுபடி விசா, மறுபடி டிக்கெட் யார் தருவது என்று கேட்டதற்குப் பிறகு 400 யூரோ அனுப்பினார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் எழுதி வைக்காத ஒன்றுக்கு அதற்கு மேல் வாதாட வழியில்லை.

இப்போது நான் யாரோடு பேசினாலும் முதலில் கேட்பது, நீங்கள் தருவது குடியிருக்கும் வீடா, அல்லது சும்மா இருக்கும் இரண்டாவது வீடா என்பதைத்தான். குடியிருக்கும் வீடு என்றால் அதில் மகன், மகள், தாய் என்று உரிமையோடு வந்து நிற்க நாலு பேர் இருப்பார்கள். கடலோரத்திலோ கிராமத்திலோ உள்ள விடுமுறை வீட்டுக்கு அந்த நெருக்கடி குறைவு. அடுத்து, ஒரு பக்க அளவில் எழுத்தில் ஓர் ஒப்பந்தம்: இரண்டாவது தங்கலை ரத்து செய்பவர் மீதியுள்ள ஒவ்வோர் இரவுக்கும் இவ்வளவு யூரோ தர வேண்டும், உடைந்த பொருளுக்கு இன்ன தொகை வரை, மின்கட்டணம் இவ்வளவுக்கு மேல் போனால் விருந்தினர் பொறுப்பு. நண்பர்களாகப் போகிறவர்களிடம் இதையெல்லாம் கேட்பதா என்று இவர் நெளிந்தார். கேட்டுவிட்டால்தான் நண்பர்களாக இருக்க முடியும் என்றேன். முடிந்தால் நீங்கள் முதலில் போங்கள். முடியாவிட்டால் புள்ளிக் கணக்கில் தங்கவையுங்கள். ஒருவர் கைவிட்டாலும் புள்ளி உங்களிடம் இருக்கும், இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இன்னொன்று, நீங்கள் ஊரில் இல்லாதபோது வீடு ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கு இழப்பீடு தராத வீட்டுக் காப்பீட்டு பாலிசிகள் உண்டு, எடுத்துப் படித்துவிடுங்கள்.

இந்த முறை ஒரு போர்ச்சுகல் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். போர்ட்டோவுக்கு வெளியே அவர்களுக்கு ஒரு விடுமுறை வீடு, ஒற்றை மாடி, படிக்கட்டுத் தொல்லை இல்லை. செப்டம்பரில் நாங்கள் முதலில் போவதாகவும், டிசம்பரில் அவர்கள் வருவதாகவும் பேச்சு. ஒப்பந்தத்தை அனுப்பினேன். இரவுக்கு இவ்வளவு என்ற வரியை ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, தாங்களும் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்கள்: டிசம்பரில் சென்னையில் புயல், வெள்ளம் வந்தால் நட்டஈடு இல்லாமல் தேதியை மாற்றிக்கொள்ள உரிமை வேண்டுமாம். 2023 டிசம்பரில் இந்த ஊர் பட்ட பாட்டை எங்கேயோ படித்திருக்கிறார்கள். நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.